காலியாகாத முக்காலி

தற்காலிகமாக வேலை பார்த்த ஒருவர் இடைவெளி இல்லாமல் அதே வேலையில் நிரந்தரமாக்கப்பட்டால், முந்திய தற்காலிகக் காலமும் ஓய்வூதியத்துக்குரிய பணிக்காலத்தில் சேர்க்கப்படும். அந்தக் காலம் பதிவில் இல்லாத பட்சத்தில், அதே அலுவலகத்தில் அதே காலத்தில் பணிபுரிந்த இருவரின் எழுத்துமூலச் சாட்சியத்தை ஏற்கலாம். விண்ணப்பம் கிடைத்த தொண்ணூறு நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படும்.

விதி இவ்வளவுதான். நான் யாங்கோனில் அரசுக் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று வாக்கியங்களையும் பர்மியில் ஒப்பிப்பேன். எத்தனையோ காவலாளிகளும் டிரைவர்களும் இவற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறியதைப் பார்த்திருக்கிறேன். விதிகளில் நல்லவை, கெட்டவை, எழுதியவருக்கே புரியாதவை என்று மூன்று வகை உண்டு. இது நல்ல வகை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது. கெட்ட விதி ஒருவரை ஏமாற்றினால், அது தன் வேலையைச் செய்தது என்று விட்டுவிடலாம்.

இந்த நல்ல விதி யாரைக் கைவிட்டதோ அவருக்கு 'லிஃப்ட் அக்கா' என்று பெயர். அலுவலகத்தில் பர்மியர்களும் சீனர்களும்கூட அக்கா என்ற தமிழ்ச் சொல்லையே சொன்னார்கள். அடையாள அட்டைக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர் என்று எங்கள் எல்லோரையும் போல அவருக்கும் இரண்டு இருந்தன. இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். இப்போது கேட்பதற்கும் அவர் பக்கத்தில் இல்லை. பெகுவில் தம்பி மகளின் தரை வீட்டுக்குப் போய்விட்டார்.

யாங்கோனின் லான்மடா பகுதியில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். நான் இரண்டாம் மாடி, அவர் ஆறாம் மாடி. எங்கள் ஊரில் மேலே போகப் போக வாடகை குறையும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வேறு எப்படி இருக்கும்? வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களை மாடிக்கு ஏற்றி இறக்கிய பெண், தன் வீட்டுக்குப் போக முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருட்டுப் படிகளில் ஏறினார். என் வாசலில் ஒரு நிமிடம் நிற்பார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு வியர்வையில் கரைந்திருக்கும். அதற்கு மேலே நெற்றியில் குங்குமம் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

"இன்னிக்கு லிஃப்ட் மெதுவா வருது, சயாமா."

சயாமா என்பது பர்மியர்கள் ஆசிரியைக்கும் அலுவலகத்துப் பெண்களுக்கும் தரும் மரியாதை; ஆண்களென்றால் சயா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

"உக்காந்துட்டுப் போங்க அக்கா."

"உக்காந்தா எந்திரிக்க இன்னொரு ஆள் வேணும். ஆறாவதுக்கு யாரும் இல்லியே? அப்ப வண்டி போவுது."

அவர் ஓட்டிய லிஃப்ட் ஸ்ட்ராண்ட் ரோட்டில், போட்டாதாங் படகுத்துறைகளுக்கு எதிரே இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இரும்புக் கம்பிக் கூண்டு. உள்ளே ஒரு பித்தளைக் கைப்பிடி, ஒரு மர முக்காலி. கைப்பிடியைத் தள்ளினால் ஏறும், விட்டால் நிற்கும். தளத்துக்குச் சரியாக நிறுத்துவது ஓட்டுகிறவர் கையில் இருந்தது. பழகாதவர்கள் நாலு விரல் மேலேயோ கீழேயோ நிறுத்தி அதிகாரிகளை இடற வைப்பார்கள். அக்கா நிறுத்தினால், கண்ணை மூடிக்கொண்டு வெளியே நடக்கலாம் என்று அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கை கடைசிவரை மாறவில்லை. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டாலாவுக்குப் படகில் போகும்போது, துறையை நெருங்கினால் அவருடைய வலது உள்ளங்கை தானாக முழங்காலை அழுத்தும். படகு இடித்துக்கொண்டு நின்றதும் உதட்டைச் சுழிப்பார்.

"ரெண்டு வெரல் தள்ளிட்டான்."

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அது அலுவலகத்தில் பிறந்து, பிறகு அவரோடு தெருவுக்கும் கோயிலுக்கும் வந்துவிட்டது. "உக்கார்ற எடம் காலியா இருக்கக் கூடாது சயாமா. காலியா இருந்துச்சுன்னா, எவனாவது வந்து இது எதுக்குன்னு கேப்பான்." அரசு வேலையைப் பற்றி இதைவிடச் சரியான வாக்கியத்தை எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. ஒரு நாற்காலி ஒரு வாரம் காலியாக இருந்தால் அந்தப் பதவியே தேவையில்லை என்று மேலே எழுதிவிடும் ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அப்படி எழுதியவர்களின் நாற்காலிகள்தான் பெரும்பாலும் காலியாக இருந்தன என்பது வேறு விஷயம்.

அந்தக் கொள்கையால் அவர் ஊருக்கெல்லாம் பதில் ஆள் ஆனார். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவர் சாப்பிடப் போனால் அக்கா உட்கார்ந்திருப்பார். போனவர் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவார். தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்ட பூக்காரி விரதத்தில் இருக்கும் நாட்களில் பூக்கடையில் அக்கா. கல்யாண வீட்டில், பந்தியில் நாலு இடத்தில் கைப்பை, குடை, கைக்குட்டை, வெற்றிலைப் பொட்டலம் என்று வைத்து நாலு பேருக்கு இடம் பிடித்துவிட்டு, அவர்கள் வந்து உட்கார்ந்ததும் தான் சுவரோரம் நிற்பார்.

ஒருமுறை சமையல் எண்ணெய் சலுகை விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று தெருமுனையில் வரிசை. நானும் போய், என் பங்கை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அக்கா முன்வரிசையில் நின்றிருந்தார். மருந்து வாங்கப் போனவள், பிள்ளையைப் பள்ளியில் விடப் போனவன், கீழ்வீட்டுச் சீனக் கிழவர் என்று ஒவ்வொருவராக வந்து, "அக்கா என் இடம்" என்று அவருக்கு முன்னால் புகுந்துகொண்டார்கள். அக்காவின் முறை வந்தபோது பீப்பாய் தீர்ந்துவிட்டது.

"எனக்கு எண்ணெ ஒத்துக்காது" என்றார் அக்கா.

"யாருக்கு ஒத்துக்காது? நேத்துதான வடை சுட்டீங்க?"

"அதான் நேத்தே ஒத்துக்கல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சீனக் கிழவர் இரண்டு பாட்டிலோடு போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் என் பாட்டிலிலிருந்து பாதி ஊற்றிக் கொடுத்தபோது, அதை வாங்கிக்கொள்ள அவர் பட்ட வெட்கத்தைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. வாங்குவதற்குக் கொஞ்சமாவது பழகிக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களோடு பக்கத்தில் வாழ்வது எளிதல்ல.

அவர் ஓய்வு பெற்று, ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். பணிக்காலம் போதவில்லை என்று ஒரு வரிப் பதில். விதி கேட்கும் ஆண்டுகளுக்குச் சில மாதங்கள் குறைவு. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா? இல்லன்னா விட்ருங்க. முட்டிதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. பென்ஷன் வந்தா ரெண்டாவது மாடிக்கு எறங்கிரலாம்னு நெனச்சேன். ஒங்க எதிர் வீடு காலியாவுதாம்."

அவர் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். நான்கு மாடி கீழே இறங்க வேண்டும். கேட்டது அவ்வளவே.

நான் அவரை உட்காரவைத்து, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லச் சொன்னேன். அப்போதுதான் அந்த மூன்று வருடம் வெளியே வந்தது.

முதலில் அந்த லிஃப்டுக்கு ஊ தின் என்ற பர்மியர்தான் நிரந்தர ஓட்டுநர். டாலாவில் வீடு. அவர் மனைவி பக்கவாதத்தில் விழுந்தார். தூக்கி உட்காரவைக்க, ஊட்டிவிட வீட்டில் வேறு ஆள் இல்லை. ஊ தின் ஆற்றுக்கு இந்தக் கரையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கரையில் அவர் மனைவி பட்டினி. நீண்ட விடுப்புக் கேட்டால் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அலுவலகத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றும் கூலி வேலையில் இருந்த அக்காவை முக்காலியில் உட்காரவைத்தார்கள். வருகைப் புத்தகத்தில் ஊ தின் பெயருக்கு எதிரே ஊ தின் கையெழுத்தை அக்கா போட்டார். சம்பள நாளில் ஊ தின் வந்து வாங்கி, அதில் ஒரு பங்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு அடுத்த படகில் திரும்பினார். மேலதிகாரி உட்பட எல்லோருக்கும் தெரியும். அந்த அலுவலகத்தில் அது வழக்கம். ஆள் மாறலாம், புத்தகத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. மூன்றாம் வருடம் மனைவி இறந்தார். ஊ தின் வேலைக்குத் திரும்பிக் கிடங்குப் பிரிவுக்கு மாறினார். லிஃப்ட் முக்காலியில் அக்காவையே மறுநாளிலிருந்து நிரந்தரமாக்கினார்கள்.

மறுநாளிலிருந்து. இடைவெளி இல்லாமல். அதே வேலையில். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, யாரோ அவரை உத்தேசித்தே அந்த விதியை எழுதியது போலத் தோன்றியது.

"அக்கா, இது ஒரு மாசத்துல முடியிற வேலை" என்றேன். அரசு வேலையை உள்ளிருந்து பார்த்த ஒருத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு சாட்சிகள் வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடினேன். அக்காவின் பெயரைச் சொன்னதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. அக்கா தங்கமானவர், அக்கா அம்மா மாதிரி. கையெழுத்து என்றதும் மலர்ச்சி வாடியது. ஏனென்றால் அவர்களில் பலருக்காகவும் அக்கா, தண்ணீர் எடுத்து ஊற்றிய காலத்தில், ஈத் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஒரு நாள் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பதில் ஆளை ஒப்புக்கொண்டால் மற்றப் பதில் ஆட்களையும் கேட்பார்களே என்று பயம். தங்கள் ஓய்வூதியத்தை மடியில் முடிந்து வைத்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எனக்கு மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார், கையெழுத்தைத் தவிர எல்லாம் கொடுத்தார்.

பயப்படக் காரணம் இல்லாத ஒருவர் இருந்தார். மூன்றாம் மாடியில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பதில் ஆள் தேவைப்பட்டதில்லை. அவர் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. ஏரிப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். எங்கள் பேச்சு பர்மியில்தான் நடந்தது.

"லிஃப்டில் அந்த வருடங்களில் இவர்தான் இருந்தார் என்று எழுதித் தர வேண்டும்" என்றேன்.

அவர் அக்காவை உற்றுப் பார்த்தார். பாவம், உண்மையாகவே முயற்சி செய்தார்.

"லிஃப்ட் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நாளும் நின்றதில்லை. ஆனால் யார் ஓட்டினார்கள் என்று... நான் கோப்புப் படித்துக்கொண்டே போவேன்."

"சயா, நீங்க கதவு தொறக்கறதுக்கு முந்தியே காலை எடுத்து வைப்பீங்க" என்றார் அக்கா. "அதுக்காவே உங்களுக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் சீக்கிரம் தொறப்பேன்."

"அப்படியா?" என்றார் அவர். அது அவருக்குப் புதிய செய்தி. தினம் இரண்டு தடவை, கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு கம்பிக் கூண்டுக்குள் அவரோடு பயணம் செய்த மனிதர். நான் தேநீரைக் குடிக்காமல் வைத்தேன்.

கடைசியில் நேர்மையான மனிதர் என்பதால், தெரிந்ததை எழுதித் தந்தார். அந்தக் காலம் முழுவதும் கட்டடத்தின் லிஃப்ட் தடையின்றி இயங்கியது என்றும், அதை ஒருவர் இயக்கியிருக்க வேண்டும் என்றும், விண்ணப்பதாரர் அந்த ஒருவராக இருப்பதற்குத் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். நான் படித்த சாட்சியங்களில் இதைவிட வழுக்கலானது கிடையாது. ஆனால் சாட்சியம்தான். வெளியே வந்ததும் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"நல்ல மனுசன்" என்றார் அக்கா. "தெரியாதத தெரியும்னு எழுதலியே."

இரண்டாவது சாட்சி ஊ தின்தான், வேறு வழியில்லை. டாலாவில் அவர் வீட்டை விசாரித்து வைத்துக்கொண்டு ஒரு காலைப் படகில் போனோம். துறையிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷா. ஓடையை ஒட்டி மூங்கில் வீடு. வாசலுக்குப் பத்தடி முன்னால், எதிர்ப்புறம் இருந்த வெற்றிலைக் கடையருகே அக்கா நின்றுவிட்டார். கடைக்காரி பர்மியப் பெண். இடுப்பில் குழந்தையோடு இருந்தாள்.

"நீங்க போங்க சயாமா."

"நீங்க வராம எப்படி?"

"நான் உள்ள இருந்தா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது. அது சரியில்ல."

கையெழுத்து வாங்கப் போகும் இடத்தில், மறுப்பதற்கு வசதி செய்து கொடுத்த விண்ணப்பதாரரை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. தனியாகத்தான் உள்ளே போனேன்.

ஊ தின் மெலிந்து, கை நடுங்கும் கிழவராக இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நான் விதியைச் சொன்னேன். ஒருமுறை நிர்ணயித்த ஓய்வூதியத்தைச் சாதாரணமாக மீண்டும் திறக்க மாட்டார்கள் என்ற இன்னொரு விதியையும் சொன்னேன். அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"சட்டம் உங்களுக்குத் தெரியுது, சயாமா. அவங்களுக்குத் தெரியுமா?"

நான் வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் வாசலை எட்டிப் பார்த்தார்.

"அக்கா வரலியா?"

"வெளியே நிக்கிறாங்க. நீங்க மாட்டேன்னு சொல்றதுக்குச் சங்கடப்படக் கூடாதுன்னு."

அவர் சிரித்தார். பல் இல்லாத வாய். "அப்ப இருந்தே அப்படித்தான். என் சம்சாரம் செத்து நான் திரும்பி வந்த அன்னிக்கு, இனிமே நீங்க வேலைக்கு வரலாம்னு சொல்ல வாய் வராம, முக்காலியத் தொடச்சு வெச்சிட்டு நின்னாங்க." பேனாவைக் கேட்டார். "மூணு வருசம் என் கையெழுத்த அவங்க போட்டாங்க. நான் ஒரு தடவ போட்டா என்ன?"

என் மனைவி நோயில் இருந்த மூன்று ஆண்டுகள் நான் வேலைக்குப் போகவில்லை, என் இடத்தில் இவர்தான் இருந்தார் என்று எழுதினார். நடுங்கும் கையால் எழுதிய அந்த நாலு வரியில் வழுக்கல் எதுவும் கிடையாது. தன் சோற்றையே பணயம் வைத்துத்தான் எழுதினார்.

நான் வெளியே வந்தபோது அக்கா வெற்றிலைக் கடைக்குள் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கடைக்காரி குழந்தையைக் குளிப்பாட்டப் போயிருந்தாளாம்.

திரும்பும் படகில் நான் வெற்றி பெற்றவள் போல இருந்தேன். அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். படகு துறையில் இடித்தபோது விரல் கணக்குச் சொல்லவில்லை.

"சயாமா, இதப் பாத்துட்டு அவரோட பென்ஷன நிறுத்திட்டா?"

"நிறுத்த விதி இல்ல."

"எனக்குப் பென்ஷன் குடுக்கறதுக்குத்தான் விதி இருக்குன்னீங்க. குடுத்தாங்களா?"

விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன். தொண்ணூறு நாள் ஆயிற்று. மழைக்காலம் வந்தது, போயிற்று. ஒவ்வொரு முறையும் போய் நின்றேன். நாற்காலியின் முதுகில் ஒரு மேல்சட்டை தொங்கும். மேல்சட்டையின் சொந்தக்காரர் இப்போதுதான் வெளியே போனார் என்பார்கள். மாதக்கணக்காக அவர் இப்போதுதான் போயிருந்தார். அந்த மேல்சட்டையை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அதற்குள் இருக்க வேண்டிய மனிதரை நான் கண்டதே இல்லை.

இதற்குள் அக்காவின் முழங்கால் வீங்கி, கீழே இறங்குவதே வாரம் ஒரு முறை என்றானது. பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றில்தான் காய்கறி மேலே போயிற்று. எங்கள் ஊரில் மாடி வீடுகளுக்கெல்லாம் இப்படி ஒரு கயிறு உண்டு. நுனியில் ஒரு கிளிப், வீட்டுப் பக்கம் ஒரு சின்ன மணி. கீழே நிற்பவர் பொருளை மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். இரண்டாம் மாடியில் என் எதிர் வீட்டுக்கு யாரோ குடி வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் அக்கா ஆறு மாடி இறங்கி, என்னிடம் சொல்லாமல் அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்காக. சாயங்காலம் என் வாசலில் நின்றபோதுதான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நான் எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா? ஊ தின் எவ்வளவு யோசிச்சு எழுதினார் தெரியுமா?"

"அதனாலதான் போனேன். அவர் அரிசி அந்தப் பென்ஷன்லதான் வருது. எனக்கென்ன, மேல காத்து நல்லா வருது."

"திருப்பி வாங்கிட்டீங்களா?"

"யார்கிட்ட கேக்கறது?" முதன்முறையாக அவர் குரலில் நான் எரிச்சலைக் கேட்டேன். "சீட்டுல ஆளே இல்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பாத்தேன். ஒரு சட்டை மட்டும் தொங்குது. என்னா யோன் சயாமா இது? ஒருத்தர் போனா இன்னொருத்தர உக்கார வெக்க வேணாமா? பெஞ்சுல அத்தன கெழவன் கெழவி ஒக்காந்திருக்காங்க."

யோன் என்றால் பர்மியில் அலுவலகம். நிரந்தர ஊழியர்கள் நிறைந்த ஒரு யோனைப் பற்றி, பதிவேட்டில் பெயரே இல்லாமல் மூன்று வருடம் வேலை பார்த்த பெண் சொன்ன தீர்ப்பு அது. அவரைக் கைத்தாங்கலாக ஆறாம் மாடிவரை ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு தளத்திலும் அவர் நின்றார். ஐந்தாவதில் நிற்கும்போது, "இந்த வண்டிக்கு எண்ணெ போடணும்" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

பதில் வந்தபோது நான் தற்செயலாக அவர் வீட்டில்தான் இருந்தேன். மணி அடித்தது. பால்கனியில் எட்டிப் பார்த்தோம். கீழே வட்டார அலுவலகத்துப் பையன் ஒரு பழுப்பு உறையைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கையை ஆட்டினான். நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். அக்கா விடவில்லை. நின்றபடி, அவசரமே இல்லாமல், ஒரே வேகத்தில் இழுத்தார். ஆறு மாடி உயரம் அந்த உறை எங்கேயும் முட்டவில்லை, சுழலவில்லை. கைப்பிடிக் கம்பியின் மட்டத்துக்குச் சரியாக வந்து நின்றது.

நான் படித்தேன். பர்மியில் இருந்ததை அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அவருக்குப் பர்மி என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் வேண்டும் என்றார்.

குறிப்பிட்ட காலத்துக்கான வருகைப் பதிவுகள் பரிசீலிக்கப்பட்டன. லிஃப்ட் ஓட்டுநரின் இடம் அந்தக் காலம் முழுவதிலும் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. ஆகவே பதில் ஆள் தேவைப்பட்டதற்கு முகாந்திரம் இல்லை. இரண்டாம் சாட்சியின் கூற்று, அவர் எல்லா நாட்களும் பணியில் இருந்ததாகக் காட்டும் பதிவுக்கு முரணாக இருப்பதால் கணக்கில் கொள்ளப்படவில்லை. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அவர் வேலையை அவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதால் அவர் வேலையே செய்யவில்லை என்று முடிவாகிவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த முக்காலியைக் காலியாக விட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்தால் அதுவாவது சாட்சியாக இருந்திருக்கும். இதை எழுதியவரின் நாற்காலியையும் அதன் மேல்சட்டையையும் நினைத்தேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். மிஷன் பள்ளியில் படித்தவள் சொல்லக் கூடாதவை.

அக்கா காத்திருந்தார். நான் மூச்சு வாங்கியபோது கேட்டார்.

"அப்ப ஊ தினுக்கு ஒண்ணும் ஆவலியே?"

"இல்ல. அவர் எழுதினத நம்பவே இல்ல."

"நல்லது." கயிற்றைச் சுருட்டாமல் மறுபடியும் கீழே இறக்கிவிட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ஒரு வரிய இன்னொருக்காப் படிங்க."

"எது?"

"காலியா இருந்ததில்லன்னு வருதே, அது."

படித்தேன். ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

"ஒரு நாளும்" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க."

அவருக்கு அது போதும் என்றால் போதட்டும். எனக்குப் போதவில்லை. மேல்முறையீட்டுக்கு விதி இருக்கிறது. அதுவும் நல்ல வகை விதிதான். கால வரம்பு, பதில் கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். அதனால் பேனாவை எடுத்து, வேலை பார்த்த காலத்து வழக்கப்படி உறையின் வலது மேல் மூலையில், மூன்று வருடம் நாட்காட்டியில் இல்லாமல் நாலாம் வருடம் மட்டும் வரும் அந்த நாளை எழுதினேன்: கிடைத்த நாள், பிப்ரவரி இருபத்தொன்பது.